மூன்று நாள் ஊசி

உங்கள் கிளினிக் கதவின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், டாக்டர். திறக்கும்போது ஒன்றுமில்லை, மூடும்போதுதான் முனகுகிறது. நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த மாதிரிச் சத்தம் காதில் விழுந்தால் மற்றவர்களைப் போல சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. போகும்போது விட்டுவிட்டுப் போகிறேன்.

நீங்கள் கேட்டது வேறு. வாத்தியாருக்காக வரவழைத்த மருந்தில் இரண்டு குப்பி ஏன் இன்னும் உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் தப்பாகத் தெரியும். கொஞ்சம் உட்காருங்கள். கம்பவுண்டர் வெளியே இருக்கட்டும், அவர் வாத்தியார்மேல் உயிரையே வைத்திருந்தவர்.

வாத்தியார் என்று பெயர் வைத்தவள் என் மனைவி. கூடையிலிருந்து இறக்கிவிட்ட அன்றே தாடியும் மீசையும் நரைத்த புருவமுமாக நின்று, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியார் வந்துட்டாரு, நேரா உக்காருங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரை 'அது' என்று சொன்னதில்லை. வாத்தியார் சாப்பிட்டார், வாத்தியார் செருப்பைக் கடித்தார், வாத்தியாருக்கு இன்றைக்கு மூடு சரியில்லை. நீங்களும் சீக்கிரத்திலேயே அப்படித்தான் பேச ஆரம்பித்தீர்கள். நாய் என்று நான் அவரை நினைத்ததே கிடையாது. இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வருகிறவர்களை உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று பொழுதெல்லாம் பேசுகிற வேலை. எனக்கு லிஃப்ட் குழியிலும் மொட்டை மாடி மெஷின் ரூமிலும் தன்னந்தனியாக இருக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச்சு வராது. அது ஒரு குறை என்று எனக்குத் தெரியவே இல்லை. வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற இயந்திரத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. "தனியா இருந்தாலாவது ரேடியோ போட்டுக்கலாம். உங்ககூட இருந்தா அதுவும் முடியல, நீங்க தூங்குறீங்க." பிறகு கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாத்தியார் ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் என்னிடம். கைமாற்றுவது எங்கள் குடியிருப்பு வாசலில். மாடிக்கு வரமாட்டாள். பையைக் கொடுப்பாள், கயிற்றைக் கொடுப்பாள், "வரேன்" என்பாள். போகிறவர்கள் எல்லோரும் வரேன் என்றுதான் சொல்கிறார்கள். அதில் எவ்வளவு எரிச்சல் இருக்கிறது என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.

முதல் தடவை நடந்தது தற்செயல். சத்தியமாகத் தற்செயல். ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட ஆரம்பித்ததற்கு எல்லோருக்கும் பொரித்த கோழி கொடுத்தார்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தோலெல்லாம் வாத்தியாருக்குப் போனது. மறுநாள் வாந்தி. முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, யாரையோ கும்பிடுகிற மாதிரி நின்றார். நான் அவளுக்கு போன் செய்தேன். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். கணையம் என்று ஒன்று இருக்கிறது, அது வீங்கிவிட்டது, சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய சாறு இப்போது அவரையே செரிக்கப் பார்க்கிறது என்றீர்கள். இதற்கென்று நேரடியாக மருந்து கிடையாது. ட்ரிப் ஏற்றலாம், வாந்திக்கு ஊசி, வலிக்கு ஊசி, மற்றபடி பொறுத்துத்தான் பார்க்கணும் என்றீர்கள். பொறுத்துத்தான் பார்க்கணும். அந்தச் சொல்லை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

உங்கள் கிளினிக் என் வீட்டுக்குத்தான் பக்கம். அதனால் அவள் என் வீட்டில் தங்கினாள். முதல் சில நாள் என்னைப் பார்க்கவே இல்லை. வாத்தியாரைப் பார்ப்பாள், அழுவாள், ஹாலில் அவர் பக்கத்திலேயே தூங்கிவிடுவாள். பிறகு மெல்ல மாறியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறைய வெளியே எடுத்திருக்கிறேன், டாக்டர். முதலில் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நேரம் போகப் போக ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். நான் கதவைத் திறக்கும்போது குழந்தையின் பள்ளிக்கூடம் வரை விசாரித்து முடித்திருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான். அவள் தோல் நீக்கிய கோழியை வேகவைப்பாள், நான் பிய்த்துப் போடுவேன், வாத்தியார் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுவோம். ஒரு மாலை நான் மருந்துச் சீட்டைத் தூரத் தூரப் பிடித்துப் படிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"கிட்ட இருக்கிறது தெரியலையா உங்களுக்கு?"

"கொஞ்சம் மங்கலா இருக்கு."

"அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்யாணமாகி அத்தனை காலத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது எத்தனையாவது தடவை என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

வாத்தியார் எழுந்து கிண்ணத்தைக் காலி செய்தார். அடுத்த நாள் காலையிலேயே அவள் பையை எடுத்துக்கொண்டாள். "வரேன்" என்றாள்.

நேர்மையான வழியில் நான் முயற்சி செய்யவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடாது. ஹாலுக்கு வண்ணம் அடித்தேன். ஒரு நல்ல ரேடியோவே வாங்கி வைத்தேன். சாப்பிட வா என்று கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றாள். காய்ச்சல் என்று போனில் சொன்னேன், உண்மையாகவே காய்ச்சல்தான். "மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன். "அப்ப சரி" என்றாள். அவ்வளவுதான். வாத்தியார் தும்மினால் பஸ் பிடித்து வருகிறவள், என் உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அப்ப சரி என்கிறாள். ஒரு மனிதன் வேறு என்னதான் செய்வான்? உங்களிடம் கேட்கிறேன்.

அந்த வாரம் வாத்தியார் என்னிடம் இருந்தார். நான் கோழி பொரித்தேன். எனக்குத் தோல் பிடிக்காது, தட்டு ஓரத்தில் ஒதுக்கிவைத்தேன். வாத்தியார் பார்த்தார். கேட்டார். கொடுத்தேன். கேட்கிறவருக்குக் கொடுப்பதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். கொஞ்சம் அதிகமாகத்தான் பொரித்திருந்தேன், அது உண்மை.

"கொழுப்பு துளிகூடக் கூடாதுன்னு சொன்னேனே, சார்" என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். குப்பைத் தொட்டியைக் கிளறியிருப்பார் என்றேன். அன்றைக்கே அவள் பாத்திரக் கடைக்குப் போய், காலால் மிதித்தால் திறக்கிற மூடி வைத்த தொட்டி ஒன்று வாங்கிவந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரிந்து போன பிறகு அந்த வீட்டுக்கென்று அவள் வாங்கிய முதல் பொருள் அது. அந்தத் தடவை இன்னும் நன்றாக இருந்தது. அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள், கடை மேலாளர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள், என் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். வாத்தியாருக்கு வலி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குத்தான் நீங்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தீர்களே.

மூன்றாவது தடவைதான் நீங்கள் அந்தப் புது மருந்தைக் கொண்டுவந்தீர்கள்.

உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "இதுக்குன்னே ஒரு ஊசி வந்திருக்கு. நரம்புல, தினம் ஒண்ணு, மூணு நாள். போதும்" என்றீர்கள். வீங்கிய இடத்துக்கு உடம்பின் வெள்ளையணுக்கள் கும்பலாக ஓடிப்போய் நிலைமையை மோசமாக்குகின்றன, இந்த மருந்து அவற்றை வாசலிலேயே நிறுத்திவிடும் என்று விளக்கினீர்கள். எனக்கு நன்றாகப் புரிந்தது. லிஃப்டில் அளவுக்கு மேல் ஆள் ஏறினால் நாங்களும் கதவை மூடவிடமாட்டோம். பொடியில் தண்ணீரைக் கலந்து நீங்கள் குப்பியை மெல்லச் சுழற்றியபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மருந்து என்று நானும் நினைத்தேன்.

இரண்டாம் நாளே வாத்தியார் கிண்ணத்தை நக்கினார். மூன்றாம் நாள் வாசலில் பேப்பர்காரரைப் பார்த்துக் குரைத்தார். அன்று சாயங்காலமே அவள் பையோடு நின்றாள்.

என் கஷ்டம் உங்களுக்குப் புரிய வேண்டும், டாக்டர். முதல் நாள் அவள் அழுவாள். இரண்டாம் நாள் களைத்துப்போய்த் தூங்குவாள். மூன்றாம் நாள் கடைக்கு லீவு சொல்வதா வேண்டாமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேச ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான். உங்கள் ஊசி சரியாக அந்த இடத்தில் வெட்டிவிட்டது. அவள் அழுகை மட்டும் எனக்கு, சிரிப்பு யாருக்கும் இல்லை. மூன்று நாளில் கணையம் ஆறிவிடலாம். மூன்று நாளில் ஒரு குடும்பம் ஒட்டுமா? இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் எதையெல்லாமோ யோசித்திருப்பார்கள். நாயோடு ஒரு வீடும் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று புதுத் தொட்டியை ஓர் உதை உதைத்தேன். மூடி இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

வாசலில் நின்று அவள் வேறொன்றும் சொன்னாள். வெளியூரில் அவர்கள் கடைக்கு ஒரு கிளை திறக்கிறார்கள், அங்கே மாற்றல் கேட்டிருக்கிறேன் என்றாள். "வாத்தியாரை நான் கூட்டிட்டுப் போயிடறேன். உங்க வேலைக்கு அவரைப் பாத்துக்கறது கஷ்டம். அடிக்கடி அவருக்கு முடியாமப் போகுது பாருங்க" என்றாள். என்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

ஆகவே கடைசித் தடவை நான் பொரித்த தோலை அதிகமாகக் கொடுத்தேன். அவர் போதும் என்று முகத்தைத் திருப்பினார். கையில் வைத்து ஊட்டினேன். என் கையிலிருந்து எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். அவ்வளவு நம்பிக்கை.

முதல் ஊசி போட்டபோது அவளும் இங்கே இருந்தாள். மறுநாள் அவளுக்குக் கடையில் தவிர்க்க முடியாத வேலை. "நீங்க ஊசி போட்டுட்டு வந்துடுவீங்கள்ல?" என்றாள். போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். வாத்தியாரைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினேன். உங்கள் தெரு முனை வரை வந்தேன். அங்கிருந்துதான் உங்கள் கிளினிக்குக்கு போன் செய்து, மனைவி வீட்டுப் பக்கத்தில் ஒரு டாக்டரிடமே மீதியைப் போட்டுக்கொள்கிறோம் என்று கம்பவுண்டரிடம் சொன்னேன். "அங்க இந்த மருந்து இருக்கா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

பிறகு நான் பராமரிக்கிற ஒரு கட்டடத்துக்குப் போனேன். மொட்டை மாடி மெஷின் ரூமில் யாரும் வரமாட்டார்கள். மெஷின் துடைக்கிற பஞ்சுக் கழிவை மெத்தை மாதிரிப் போட்டு அவரைப் படுக்கவைத்தேன். காலில் நீங்கள் ஊசிக்குழாய் வைத்துக் கட்டிய கட்டு அழுக்காக இருந்தது. அதைப் பிரித்துப் புதுத் துணி சுற்றினேன். எதையும் நேர்த்தியாகச் செய்து பழக்கம் எனக்கு. கீழே யாராவது பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமும், கம்பிக் கயிறு ஓடும். ஒவ்வொரு தடவையும் வாத்தியார் காதைத் தூக்கிப் பார்த்தார். என் கையை நக்கினார். நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவரைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லமுடியாது.

"போட்டாச்சா?" என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

"போட்டாச்சு."

"போன தடவை மாதிரி இல்லையே. தலையே தூக்கலையே."

"டாக்டர் பொறுத்துத்தான் பார்க்கணும்னாங்க."

உங்கள் சொல்லைத்தான் உபயோகித்தேன். அது பழைய சொல்தான். மறுநாளும் மெஷின் ரூம். மோட்டார் ஓடியபோது அவர் காதைத் தூக்கவில்லை.

அவள் மாற்றல் பேச்சை எடுக்கவே இல்லை. லீவு போட்டாள். உங்களிடம் தானே பேசுகிறேன் என்று போனை எடுத்தாள். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், இப்போதுதான் கேட்டேன் என்றேன். நம்பினாள். அதற்குப் பிறகு வந்தன, டாக்டர், நான் சொன்ன அந்த நாட்கள். வாத்தியாரை நடுவில் படுக்கவைத்து இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். ஏன் போனாள் என்று அவளே சொன்னாள். நான் பேசாமல் இருந்தபோதெல்லாம் தன்மேல் கோபமோ என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். கோபமெல்லாம் இல்லை, எனக்குப் பேசத் தெரியாது என்றேன். "இப்ப பேசறீங்களே" என்றாள். மாற்றல் வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றாள். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் தலையைத் தடவினாள். நான் அவள் கையைத் தடவினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

அதைச் சொன்ன மறுநாள் மத்தியானம் அவள் மடியில் தலை வைத்தபடியே போய்விட்டார்.

அவள் அவர் தாடியை நீவிச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நாம என்னங்க தப்பு பண்ணினோம்?" என்று கேட்டாள். நாம. உங்களுக்கு அது சாதாரணச் சொல்லாகத் தெரியலாம். பிரிந்து போன பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்டது 'நீங்க', 'நான்' இரண்டு மட்டும்தான். குழி தோண்டும்போதும் அந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் இங்கேயே இருப்பாள் என்று நினைத்தேன். துக்கத்தில் இருக்கிறவர்கள் சேர்ந்துதானே இருப்பார்கள்? அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், கயிற்றைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள், பையை எடுத்துக்கொண்டாள். இன்னொரு குட்டி வாங்கலாமா என்று கேட்டேன். "வேண்டாங்க, இனிமே என்னால முடியாது" என்றாள். மாற்றலுக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இந்தத் தடவை வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்கு இவ்வளவு செய்தும் எனக்குக் கிடைத்தது அதுதான். எரிச்சல் வராதா?

பிறகுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். மூன்று ஊசியும் போட்டும் காப்பாற்ற முடியவில்லையே என்று அவள் உங்களிடம் அழுததாகவும், நீங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்ததாகவும் சொன்னீர்கள். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, முதலில் உங்களைக் கேட்கிறேன் என்றீர்கள். பெருந்தன்மை. ஆனால் நான் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தது பயந்து அல்ல. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும், முதல் தடவையைத் தவிர, தெரிந்தேதான் கொடுத்தேன். இரண்டாவது ஊசியையும் மூன்றாவது ஊசியையும் நான்தான் போடவிடாமல் செய்தேன். போட்டிருந்தால் பிழைத்திருப்பார். வாத்தியாரைக் கொன்றது நான்தான். யார் முன்னால் கேட்டாலும் இதையே சொல்வேன், கையெழுத்தும் போட்டுத் தருவேன்.

ஒரே ஒரு உதவி. அவளிடம் போனில் சொல்லாதீர்கள். இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா? நேரில் வரச் சொல்லுங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன். போலீஸுக்குச் சொல்வதானாலும் தாராளமாகச் சொல்லுங்கள். அவளையும் விசாரிப்பார்கள், சாட்சி சொல்ல அவள் ஒவ்வொரு தடவையும் அந்த ஊரிலிருந்து வந்துதானே ஆகவேண்டும்? நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மாதிரி வழக்கெல்லாம் எவ்வளவு நாள் இழுக்கும், டாக்டர்?